மனச்சிதைவில் நினைவாற்றலுக்கு மின்தூண்டல்: மலையகக் கிளினிக்குகளுக்கான செய்முறை

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மாத்திரையும் மாதாந்த ஊசியும் காதில் கேட்கும் குரல்களை அடக்கும். ஆனால் சொன்னதை மனதில் நிறுத்திவைக்கும் திறன் அவற்றால் பெரிதாக மீள்வதில்லை. கடைக்குப் போனவர் என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். இந்தக் குறைக்காகவே தலைமேல் மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்திப் பார்க்கிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை; பலன் கண்ட இடத்திலும் அது சிறியதுதான். குடும்பத்தாரிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள். மனநல வைத்தியரின் மேற்பார்வையில், மருந்தை நிறுத்தாமல் மட்டுமே செய்யவேண்டும். லயத்து வீட்டில் பற்றரியும் வயரும் வைத்து யாரும் முயலக்கூடாது.

வலிப்பு வந்தவர், தலைக்குள் உலோகம் உள்ளவர், இதயமுடுக்கி பொருத்தியவர் வேண்டாம். கிளினிக் கொப்பியைப் பாருங்கள்: குளோசபின் என்ற மருந்து வலிப்பு வாய்ப்பைக் கூட்டும், கார்பமசெபின் என்ற மருந்து தூண்டலின் விளைவை மழுக்கும். தேயிலைக் கொழுந்து எடுப்பவர் என்றால் கூடைக்கயிறு அழுத்தும் நெற்றியையும் உச்சியையும் விரலால் தடவிப் பாருங்கள். சிராய்ப்பு இருந்தால் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். மின்னோட்டம் அந்த இடத்தில் குவிந்து சுடும். தேங்காயெண்ணெய் பூசாமல், தலை முழுகிக் காயவைத்து வரச் சொல்லுங்கள்.

இடம் குறிப்பதில் அவசரம் கூடாது. மூக்கின் மேற்குழியிலிருந்து பிடரி எலும்பு மேடுவரை நடுக்கோட்டில் அளந்துகொள்ளுங்கள். 36 சென்ரிமீற்றர் என்றால், மூக்கிலிருந்து 3.6இல் (10 வீதம்) ஒரு புள்ளி, 10.8இல் (30 வீதம்) இன்னொன்று. முதற்புள்ளி வழியாகத் தலையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அது 56 என்றால் அதில் 15 வீதம், அதாவது முதற்புள்ளியிலிருந்து 8.4 சென்ரிமீற்றர் இடப்பக்கம் ஒரு புள்ளி. அதற்கும் 10.8 புள்ளிக்கும் நடுவே நேர்மின்வாய். எதிர்மின்வாய் வலது புருவத்துக்கு மேல்.

மின்வாய்களை மூடும் பஞ்சுறை 5க்கு 7 சென்ரிமீற்றர். சிறிதாக வெட்டாதீர்கள், பரப்பு பாதியானால் தோலில் மின்னடர்த்தி இரட்டிக்கும். ஒவ்வொன்றுக்கும் 0.9 வீத சேலைன் (உப்புநீர்) 12 மில்லிலீற்றர் அளவு போதும். குழாய்நீர் வேண்டாம், தடை கூடி எரியும். சொட்டச் சொட்ட நனைத்தால் நீர் முடிவழியே வழிந்து இரு பஞ்சுகளையும் இணைக்கும். மின்னோட்டம் மூளைக்குப் போகாமல் தோல்மேலேயே ஓடிவிடும். நுவரெலியாக் குளிரில் சேலைன் போத்தலை இளஞ்சூட்டு நீரில் சற்று வைத்தெடுங்கள். கருவியில் தடை 10 கிலோ ஓமுக்குக் கீழே வராமல் தொடங்கவேண்டாம். முடியைப் பிரித்து, பட்டியை இறுக்கிப் பாருங்கள். கருவி பற்றரியில் ஓடுவது, அதனால் கரண்ட் போனாலும் பாதகமில்லை. சார்ஜில் செருகியபடி மட்டும் ஒருபோதும் தலையில் பூட்டாதீர்கள்.

மின்னோட்டத்தை 30 செக்கனில் மெல்ல ஏற்றி, 2 மில்லி அம்பியரில் 20 நிமிடம், பிறகு 30 செக்கனில் இறக்குங்கள். நடுவில் வயரை இழுத்தால் கண்ணில் மின்னலடித்து ஆள் பயந்துவிடுவார். ஊறலும் சிவப்பும் வழமை. சுள்ளென்ற எரிச்சல் வந்தால் இறக்கி, பஞ்சைப் பாருங்கள்.

அந்த 20 நிமிடமும் சும்மா இருக்கவிடாதீர்கள். படச்சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இரண்டு சீட்டுக்கு முன் வந்த படமும் இதுவும் ஒன்றா என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கும் இது பொருந்தும். நினைவுக்கு வேலை கொடுக்கும்போதே தூண்டுவதுதான் நோக்கம்.

வாரத்தில் ஐந்து நாள், இரண்டு வாரம் என்பது வழக்கமான அளவு. நாள்தோறும் காலையில் வரச்சொன்னால் பேர் (அன்றைய நாட்சம்பளம்) போய்விடும், மூன்றாம் நாள் ஆள் வரமாட்டார். கொழுந்தை எடைபோட்ட பின் வரும் நேரம் கொடுங்கள்.

முதல் நாளும் பத்தாம் முறைக்குப் பின்னும், எண்களைச் சொல்லி, அவற்றைத் தலைகீழாகச் சொல்லவைத்து எழுதிவையுங்கள். இரண்டாம் தடவை வேறு எண்கள். முன்னேற்றம் தெரியவில்லை என்று மின்னோட்டத்தையோ நேரத்தையோ கூட்டாதீர்கள். நேரம் நீண்டால் விளைவு எதிர்த்திசையிலும் திரும்பலாம்.