மலைக் கேம்ப்புக்குக் குழந்தையின் ஸ்லீப்பிங் பேக்: டிகிரி எண்ணுக்கு முன்னால் நீளத்தைப் பாருங்கள்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல், வட்டவடை பக்கம் டென்டில் தங்கக் கிளம்பும் குடும்பங்கள் ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது பார்ப்பது, உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிகிரி எண்ணைத்தான். "5 டிகிரி என்று போட்டிருக்கிறது, ஊட்டியில் 6 டிகிரிதானே, போதும்" என்று எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு பெரியவர்களுக்கே சரியாக வராது. குழந்தைக்கு நிச்சயம் வராது.

இந்த டிகிரி எண்ணை அளக்கப் பெரிய கம்பெனிகள் முன்பு பின்பற்றியது ஈஎன் 13537 என்ற ஐரோப்பியத் தரம். இப்போது அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரம். சூடேற்றிய மனித பொம்மைக்கு மெல்லிய முழு உடையும் சாக்ஸும் போட்டு, மேட் மேல் படுக்கவைத்து அளக்கிறார்கள். லேபிளில் மூன்று எண்கள் வரும். 'கம்ஃபர்ட்' என்பது ஒரு பெண் உடலைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. 'லிமிட்' என்பது ஓர் ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்புவதற்கான எண், அதைத் தூக்கத்தோடு சேர்த்துப் பேசவே கூடாது. விலை குறைந்த பேக்குகளில் பெரிய எழுத்தில் இருப்பது பல நேரம் லிமிட்டாகவோ எக்ஸ்ட்ரீமாகவோ இருக்கும். கம்ஃபர்ட் எண்ணைச் சின்ன எழுத்தில் தேட வேண்டியிருக்கும். முக்கியமான விஷயம், குழந்தைகளுக்கான பேக்குகள் இந்தத் தரத்தின் வரம்புக்குள் வருவதே இல்லை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு அதிகம், அதனால் உடம்புச் சூடு வேகமாக வெளியேறும். ஆகவே அந்த இடத்தில் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த குளிரைவிட இன்னும் 5 டிகிரி கீழே கம்ஃபர்ட் எண் உள்ள பேக்கை எடுங்கள். இரவு 5 டிகிரிக்கு இறங்கும் என்றால் கம்ஃபர்ட் 0.

இறங்கப்போகும் குளிரைக் கணிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். போன் காட்டுவது ஊருக்கான வெப்பநிலை. கேம்ப் அதைவிட 300 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 2 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். ஊட்டியில் உறைபனிச் செய்தி வரும்போதெல்லாம் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி என்று தாழ்வான இடங்களின் பெயரே அடிபடுவது இதனால்தான். அங்கே பூஜ்யத்தை எதிர்பார்த்தே போக வேண்டும். ஓடைக்கரையும் புல்வெளிப் பள்ளமும் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். டென்ட்டைச் சரிவில் கொஞ்சம் மேலே போடுங்கள். ஏற்காடு போல 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. கம்ஃபர்ட் 7 அல்லது 8 உள்ள சாதாரண பேக் போதும்.

இப்போது நீளம். குழந்தையின் உயரத்தோடு 15 முதல் 20 செ.மீ. கூட்டினால் கிடைப்பதுதான் பேக்கின் உள்நீளம். 120 செ.மீ. குழந்தைக்கு 140 செ.மீ. அளவில் இருந்தால் சரி. "வளர்ற பிள்ளை, பெரிசாவே வாங்கிடலாம்" என்று பள்ளிக்கூடச் சட்டை வாங்கும் கணக்கு இங்கே செல்லாது. ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு கொடுப்பதில்லை, உடம்பு சூடாக்கிய காற்றைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். பெரியவர்களுடைய பேக்கில் அதே குழந்தையைப் படுக்கவைத்தால் காலுக்குக் கீழே 60 செ.மீ. வெறும் குளிர்ந்த காற்று நிற்கும். அதைச் சூடாக்க அந்தச் சின்ன உடம்பால் முடியாது. விடியற்காலையில் பாதம் ஐஸாகி எழுந்து அழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். தலை உள்ளே வழுக்கிப் போய் மூச்சு முட்டும் ஆபத்தும் உண்டு.

இருப்பதே பெரிய பேக் என்றால், குழந்தையைப் படுக்கவைத்துப் பாதத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு அடையாளம் பண்ணுங்கள். அந்த இடத்தில் வெளியிலிருந்து நாடாவால் கட்டிவிட்டு, மிச்சத்தை அடியில் மடித்துவிடுங்கள். காலடியில் ஜிப் வைத்து, பிள்ளை வளர வளர நீளத்தைக் கூட்டிக்கொள்ளும் குழந்தை பேக்குகளும் கிடைக்கின்றன. நாலைந்து வருடம் உழைக்கும் என்பதால் கொடுக்கும் காசுக்கு அதுதான் லாபம்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள். ஸ்வெட்டரோடு உள்ளே படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கவும் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டவும் சொல்லுங்கள். துணி விறைப்பாக இழுத்தால் உள்ளிருக்கும் பஞ்சு நசுங்குகிறது, அந்த இடத்தில் குளிரும். தொளதொளவென்று இருந்தால் மறுபடி அந்தக் காற்றுப் பிரச்சினை. பிறகு ஜிப்பை உள்ளிருந்து தானே திறக்கச் சொல்லுங்கள். ராத்திரி பாத்ரூம் அவசரத்தில் துணி மாட்டிக்கொள்ளும் ஜிப்போடு போராடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தலைப்பகுதியில் நீளமான சுருக்குக் கயிறு தொங்கும் பேக் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். எலாஸ்டிக் வைத்தது நல்லது.

கடையிலேயே இன்னொரு சோதனை செய்யலாம். போன் டார்ச்சைப் போட்டு பேக்குக்குள் விட்டு வெளியிலிருந்து பாருங்கள். தையல் கோடுகளில் வெளிச்சம் பளிச்சென்று கோடு கோடாகத் தெரிந்தால், மேல்துணியையும் உள்துணியையும் ஒரே ஊசியில் ஊடுருவித் தைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டில் பஞ்சே இல்லை, ஒவ்வொரு தையலும் குளிர் நுழையும் வழி. 10 டிகிரிக்கு மேல் இது பரவாயில்லை. 0 டிகிரி என்று சொல்லி விற்கும் பேக்கில் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஜிப்பின் உள்பக்கம் முழுநீளத்துக்கும் பஞ்சு அடைத்த ஒரு பட்டை ஓட வேண்டும். அது இல்லாத பேக்கில் ஜிப் பக்கம் திரும்பிப் படுக்கும் தோள் சில்லிட்டுவிடும்.

உள்ளே அடைத்திருப்பது வாத்து இறகா, பாலியஸ்டர் பஞ்சா? இறகு எடை குறைவு, சூடு அதிகம், விலையும் அதிகம். நனைந்தால் கட்டி கட்டியாகிப் பயனில்லாமல் போகும். படுக்கையை நனைக்கும் வயதுக் குழந்தைக்கு, மூடுபனியில் எல்லாமே ஈரமாகும் நம் மலைகளுக்கு, பாலியஸ்டரே சரி. தோளில் சுமந்து பல நாள் நடக்கும் இமயமலை ட்ரெக் என்றால் மட்டும் இறகைப் பற்றி யோசிக்கலாம்.

எவ்வளவு நல்ல பேக் வாங்கினாலும் அடியில் விரிப்பது சரியில்லை என்றால் வீண். உடம்பின் கீழ் உள்ள பஞ்சு எடையில் தட்டையாகிவிடும், தரை நேராகச் சூட்டை உறிஞ்சும். மேட் வாங்கும்போது ஆர் மதிப்பைப் (சூடு தரைக்குப் போகாமல் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) பாருங்கள். 0 டிகிரியை ஒட்டிய இரவுக்கு 3-க்கு மேல் வேண்டும். இரண்டு மேட்டை அடுக்கினால் இரண்டின் மதிப்பும் கூடும், ஆகவே மடக்கும் ஃபோம் மேட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம். காற்றடித்து விரிக்கும் சாதாரண ஏர் பெட் மெத்தென்று இருக்குமே தவிர, உள்ளே சுழலும் காற்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். அதுதான் இருக்கிறது என்றால் அதன் மேல் ஃபோம் மேட் போடுங்கள். வீட்டுக் கம்பளி ஒன்று கூடுதலாக இருந்தால், போர்த்துவதைவிட அடியில் விரிப்பது பெரும்பாலும் அதிகம் பயன்தரும்.

டென்ட் போட்டதும் பேக்கைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து உதறி, அரை மணி நேரம் விரித்து வையுங்கள், பஞ்சு உப்ப வேண்டும். பகலில் ஓடியாடி வியர்த்த பனியனோடு படுக்கவைக்காதீர்கள். காய்ந்த தெர்மல், காய்ந்த சாக்ஸ், காதை மூடும் குல்லா போதும். ஜெர்கினையும் இரண்டு ஸ்வெட்டரையும் போட்டுத் திணித்தால் நடுராத்திரி வியர்த்து, அந்த ஈரமே பிறகு குளிரும். படுக்கும் முன் ஒரு கடலை மிட்டாய், கடைசியாக ஒருமுறை பாத்ரூம். மூடி கசியாத ஸ்டீல் பாட்டிலில், கையில் பிடிக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் கால் மணி நேரம் வைத்து, குழந்தை உள்ளே போகும்போது எடுத்துவிடுங்கள்.

குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், நன்றாக இருக்கும் குழந்தைக்கும் கை சில்லென்றிருக்கும். பிடரியைத் தொடுங்கள். ஈரமாக இருந்தால் ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்கள், சில்லென்றிருந்தால் குல்லாவும் இன்னொரு உடையும் போடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த குழந்தை சூடு ஏறாமலே நடுக்கத்தை நிறுத்தி மந்தமாகி, பேச்சு குழறினால் தூங்க விடாதீர்கள். ஈர உடையை மாற்றிப் பெரியவரின் உடம்போடு அணைத்தபடி மருத்துவ உதவிக்குக் கிளம்புங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே இந்த வகை பேக்கே கூடாது. முகத்தை மூடிக்கொண்டால் விலக்கத் தெரியாது. கைகள் வெளியே இருக்கும், தலை மூடாத, அணியும் வகையே அந்த வயதுக்கு. அவ்வளவு சின்னக் குழந்தையோடு உறைபனி மாதத்தில் டென்டில் தங்காமல் அறை எடுத்துக்கொள்வது மேல்.

எந்த வயதானாலும் ஒன்று: குளிருகிறதே என்று கரிச் சட்டியையோ அடுப்பையோ டென்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், புகை அடங்கிய கனலாக இருந்தாலும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். டென்ட்டின் காற்றுத் துவாரத்தையும் அடைக்கக் கூடாது.

ஊர் திரும்பியதும் பேக்கை நிழலில் முழுதாக உலர்த்துங்கள். துவைக்க வேண்டுமென்றால் ஃப்ரண்ட் லோட் மெஷினில், 30 டிகிரி நீரில், மென்மையான சோப்பு போட்டுத் துவையுங்கள், துணி சாஃப்ட்னர் வேண்டாம். பிறகு சுருக்குப் பையில் அடைத்துப் பரணில் போடாமல், பெரிய தலையணை உறையில் தளர்வாக வையுங்கள். வருடம் முழுக்க நசுங்கிக் கிடந்த பஞ்சு அடுத்த டிசம்பரில் உப்பாது.