குளியலறைத் தரையில் இற்றுப்போன பலகையை மாற்றுவது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான வீடுகள் மரத்தால் கட்டப்பட்டவை. மாடிக் குளியலறையின் தரை ஓட்டுக்கும் வினைல் என்னும் பிளாஸ்டிக் விரிப்புக்கும் அடியில் கான்கிரீட்டைத் தேடாதீர்கள். அங்கே இருப்பது பிளைவுட் அல்லது மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய ஓஎஸ்பி பலகை, பெரும்பாலும் முக்கால் அங்குலக் கனத்தில். அதைத் தாங்குபவை ஜாய்ஸ்ட் எனப்படும் உத்திரக்கட்டைகள். வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று. கமோடு பக்கத்தில் கால் வைத்ததும் தரை அமுங்கினால் பலகை இற்றிருக்க வாய்ப்பு அதிகம்.

பலகையை வெட்டும் ஆசையைச் சற்று அடக்கிக்கொண்டு, தண்ணீர் வரும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள். அதை விட்டுவிட்டால் புதுப் பலகையும் இற்றுப்போகும். பெரும்பாலும் காரணம், கமோடுக்கும் வடிகால் குழாய்க்கும் நடுவே கசிவை அடைக்கும் மெழுகு வளையம்தான். கமோடு ஆடினால் மெழுகின் பிடி விடுபடும். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் சிறிது கசிந்து பலகையில் ஊறும். அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது குளியல் தொட்டியின் விளிம்பு.

1980களுக்கு முன் கட்டிய வீடா? பழைய வினைல் ஓட்டிலும் அதன் கறுப்புப் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்காமல் சுரண்டவே வேண்டாம்.

1. கமோடைக் கழற்றுதல். தண்ணீர் வால்வை மூடி, கமோடின் தண்ணீர்த் தொட்டியை வடித்துவிட்டு, அடியிலுள்ள இரண்டு போல்ட்டுகளைக் கழற்றித் தூக்குங்கள். வடிகால் குழாயில் பழந்துணியைத் திணியுங்கள். சாக்கடை வாயு மேலே வராது, போல்ட்டும் உள்ளே விழாது.

2. வெட்டுதல். மேல்தரையை அகற்றிவிட்டுத் திருப்புளியால் குத்திக்கொண்டே போங்கள். மரம் கெட்டியாகும் இடம் வந்ததும் நின்றுவிடாமல், அதையும் தாண்டி அடுத்த ஜாய்ஸ்டின் நடுக்கோடு வரை கோடு போடுங்கள். புதுப் பலகையின் ஓரம் உட்கார அங்கேதான் இடம் கிடைக்கும். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மட்டும் வையுங்கள். கீழே மின்கம்பியும் குழாயும் ஓடக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

3. ஜாய்ஸ்டைப் பார்த்தல். இந்த வேலையில் அவசரமே கூடாத இடம் இது. திருப்புளி உள்ளே இறங்காமல் மேற்பரப்பு மட்டும் கறுத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து, விசிறி வைத்து நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தின் மேல் பலகையை மூடினால் பூஞ்சைக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்ததாகும். கட்டை சற்று இற்றிருந்தால் அதே அளவுள்ள புதுக் கட்டையைப் பக்கவாட்டில் பசையும் போல்ட்டும் போட்டு இணையுங்கள்; கெட்ட பகுதிக்கு இருபுறமும் அது நன்றாக நீண்டிருக்க வேண்டும். சுவரில் உட்காரும் முனையே இற்றிருந்தால் தச்சரை அழையுங்கள். அது தொடக்கநிலையாளர் தொடக்கூடிய வேலையன்று.

4. பலகை பதித்தல். ஜாய்ஸ்டுகளுக்குக் குறுக்கே வரும் வெட்டு ஓரங்களுக்கு அடியில் தாங்கு கட்டைகளைத் திருகுங்கள். பழைய பலகையின் அதே கனத்தில் பிளைவுட் வாங்குங்கள். கசிவு வரக்கூடிய இடத்தில் ஓஎஸ்பியை நான் நம்புவதில்லை. ஈரம் பட்டதும் அதன் ஓரங்கள் உப்பும். வடிகால் குழாயின் வாயில் கமோடைப் பிடித்து நிறுத்தும் வளையமான ஃபிளாஞ்சைக் கழற்ற முடியாவிட்டால், அதன் துளையின் நடுவே பலகையை இரண்டாக வெட்டி இருபுறமிருந்தும் சேருங்கள். அந்த இணைப்புக்கு அடியிலும் கட்டை வேண்டும். ஜாய்ஸ்ட் மேல் கட்டுமானப் பசையிட்டு, ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒன்றாகத் திருகாணி போடுங்கள். பலகைகளுக்கு நடுவே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடைவெளி விடுங்கள், மரம் விரியும்.

5. மூடுதல். ஓடோ வினைலோ பதித்த பின் ஃபிளாஞ்ச் அந்தத் தரையின் மேல் உட்கார வேண்டும். தாழ்ந்திருந்தால் உயர்த்தும் வளையம் கடையில் கிடைக்கும். மெழுகு வளையம் புதிதாகவே இருக்கட்டும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பீங்கான் விரிசல் விட்டால் கமோடு வீண். சுற்றிலும் சிலிக்கான் பூசும்போது பின்பக்கம் கொஞ்சம் திறந்துவிடுவது என் வழக்கம். மறுபடி கசிந்தால் தண்ணீர் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். சில ஊர்களில் கட்டட ஆய்வாளர்கள் முழுவதும் அடைக்கச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.