பால் சுரக்க வைக்கும் மரபணுவை நாமே தேடிப் பிடிப்பது எப்படி? அடுப்படியிலிருந்து தொழுவம் வரை ஒரு செய்முறை

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பெரியப்பா நான்கு மாடு வைத்திருக்கிறார். மூன்று ஜெர்சி கலப்பு, ஒன்று நாட்டு மாடு. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது சாணியை அள்ளிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, ஏ2 காளை ஊசி போட்டா பாலு கூடுமாமே, நெசமா?" ஏ2 வகைப் பால் புரதத்துக்கான மரபணு உள்ள காளையின் விந்தைச் சினை ஊசியாகப் போடுவதைத்தான் கேட்கிறார். கூடாது பெரியப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஏன் கூடாது என்று விளக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, உயிரியல் படித்த எனக்கே அதைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து எழுதியதுதான் இது.

வேண்டியவை: காய்ச்சாத கறந்த பால் ஒரு டம்ளர், எலுமிச்சம்பழம் ஒன்று, பழைய வேட்டித் துணி, பேப்பர் பேனா, இணையம் உள்ள போன் அல்லது கம்ப்யூட்டர். கடைசிப் படிக்கு ஒரு கறவை மாடும், அதற்குப் பக்கத்தில் நிற்க உங்களை அனுமதிக்கும் ஒரு மாட்டுக்காரரும் வேண்டும்.

படி 1: பாலைத் திரியுங்கள்

வீட்டில் பால் திரிந்தால் திட்டு விழும், இன்று வேண்டுமென்றே திரிக்கப் போகிறோம். பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிண்டிக்கொண்டே இருங்கள், ஒரு கட்டத்தில் வெள்ளைக் கட்டி தனியாகவும் இளம்பச்சை மஞ்சளில் ஒரு தண்ணீர் தனியாகவும் பிரியும். துணியில் வடிகட்டுங்கள்.

துணியில் நிற்கும் கட்டியில் கொழுப்பும் கேசீன் என்ற புரதமும் இருக்கின்றன. பசும்பாலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன்தான். ஆல்ஃபா எஸ்1, ஆல்ஃபா எஸ்2, பீட்டா, காப்பா என்று அதில் நான்கு வகை உண்டு. இவை கால்சியத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வெளியில் மயிர்போல நின்று காப்பது காப்பா கேசீன். புளிப்பு ஏறினால் அந்தக் காவல் போய்விடும், எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

வடிந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். அதை மட்டும் தனியாகக் கொதிக்க வையுங்கள். சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் மிதந்து வரும். புளிப்புக்கு மசியாத இன்னொரு கூட்டம் இது, சூட்டில்தான் மாட்டுகிறது. பீட்டா லாக்டோகுளோபுலின், ஆல்ஃபா லாக்டால்புமின் இரண்டும் இதில்தான் வரும். பாலை முதலிலேயே காய்ச்சியிருந்தால் இவையும் கட்டியோடு ஒட்டிப் போயிருக்கும், அதனால்தான் காய்ச்சாத பால் கேட்டேன். இரண்டாவது பெயரை மறந்துவிடாதீர்கள், கதையின் பாதி அதில்தான் இருக்கிறது. (காய்ச்சாத பாலில் செய்தது, ருசி பார்க்க வேண்டாம்.)

படி 2: மடியின் உள்ளே ஒரு படம்

பேப்பரில் ஒரு திராட்சைக் குலை வரையுங்கள். மடியின் உள்ளே இருப்பது அதுதான், கோடிக்கணக்கான நுண்ணறைகள் குலை குலையாக. ஒரே ஒரு பழத்தைப் பெரிதாக்கி வரையுங்கள். உள்சுவரில் ஒரு வரிசை செல்கள், பாலைச் செய்வது இவைதான். அந்த வரிசையைச் சுற்றிக் கூடை பின்னியதுபோல தசைச் செல்கள், அதற்கும் வெளியே ரத்தக் குழாய். ஒரு லிட்டர் பாலுக்கு 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டியிருக்கிறது, ஆகவே ரத்தக் குழாயைக் கஞ்சத்தனமாக வரையாதீர்கள்.

படி 3: புரதத்தைத் திரையில் பிடிப்பது

இப்போது கம்ப்யூட்டர். யூனிபுராட் என்ற இலவசத் தளத்தைத் திறங்கள், உலகத்தில் தெரிந்த புரதங்களுக்கெல்லாம் ஆதார் கார்டு போட்டு வைத்திருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். பசுவின் பீட்டா கேசீனுக்கு அங்கே எண் பி02666. அதைத் தேடினால் அந்தப் புரதத்தின் பக்கம் வரும். மரபணுவின் பெயர் சிஎஸ்என்2 என்று போட்டிருக்கும். கீழே சீக்வென்ஸ் என்ற பகுதிக்கு வந்தால் 224 ஆங்கில எழுத்துகள் பத்துப் பத்தாகப் பிரித்து அடுக்கியிருக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஓர் அமினோ அமிலம்.

ஏ1, ஏ2 சண்டை முழுக்க இதில் ஒரே ஓர் எழுத்தைப் பற்றியது. 67ஆவது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. சரி, நீங்களே எண்ணிப் பாருங்கள். 67ஆவது எழுத்து எஃப் என்று வரும். புரோலினுக்கு எழுத்து பி, ஹிஸ்டிடினுக்கு எச், எஃப் எங்கிருந்து வந்தது? நானும் இங்கே அரைமணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான்: முதல் 15 எழுத்துகள் புரதத்தைச் செல்லிலிருந்து வெளியே அனுப்புவதற்கான முகவரிச் சீட்டு, வேலை முடிந்ததும் வெட்டி எறியப்படுகிறது. பாலில் வருவது மீதி 209தான். அந்த 209இல் 67 என்றால் திரையில் 82. 81இல் தொடங்கும் தொகுதியில் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள், பி. ஆக, தளத்தில் வைத்திருப்பது ஏ2 வகையின் வரிசை.

224 எழுத்தில் ஒன்று மாறினால் புரதம் செரிக்கும்போது எங்கே துண்டாகிறது என்பது மாறலாம், அதைத் தாண்டி எவ்வளவு பால் வரும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடல்நலக் கதைகளையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் அலசிவிட்டு, ஏ1 பாலுக்கும் நோய்களுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றுதான் சொன்னது. பெரியப்பாவின் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது.

படி 4: மரபணு எங்கே உட்கார்ந்திருக்கிறது

மாட்டுக்கு 30 ஜோடி குரோமோசோம்கள். சிஎஸ்என்2 இருப்பது 6ஆவதில். மற்ற மூன்று கேசீன் மரபணுக்களும் அதே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடுதான், நான்கும் சேர்ந்து சுமார் இரண்டரை லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குள் அடங்கிவிடும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த மரபணு மாட்டின் மடியில் மட்டும் இருப்பதில்லை. கொம்படியிலும் குளம்படியிலும், உயிருள்ள செல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கிறது. அலங்காநல்லூர் வாடிவாசலில் சீறிக்கொண்டு வருகிறதே புலிக்குளம் காளை, அதன் திமிலுக்குள்ளும் பால் மரபணு முழுசாக இருக்கிறது. அதனால்தான் ஒரு சொட்டுப் பால் தராத காளையின் விந்தை ஊசியில் ஏற்றி, பிறக்கப்போகும் கிடேரியின் பாலை மாற்ற முடிகிறது. மரபணு இருக்கிறதா என்று கேட்பதில் பெரிய பயனில்லை. அதைப் பேச வைப்பது, அதாவது அதன்படி புரதம் செய்ய வைப்பது யார் என்றுதான் கேட்க வேண்டும்.

படி 5: ஸ்விட்சைப் போடுவது யார்

பேப்பரில் இடமிருந்து வலமாக அம்புக்குறி போட்டு வரையுங்கள். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, அதிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. நீங்கள் வரைந்த பால் செல்லின் வெளிச்சுவரில் அதற்கென்று ஒரு ஏற்பி காத்திருக்கும். புரோலாக்டின் வந்து உட்கார்ந்ததும், ஏற்பியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாக்2 என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது பக்கத்தில் வரும் ஸ்டாட்5 என்ற புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டைக் குத்திவிடும். பத்திர ஆபீஸில் முத்திரை குத்துகிற மாதிரிதான், முத்திரை விழுந்த ஸ்டாட்5 இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் போகும். கேசீன் மரபணுவுக்கு முன்னால் உள்ள குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் பிடித்து அமர்ந்துகொள்ளும். மரபணு பேச ஆரம்பிக்கும்.

ஸ்டாட்5ஐ 1994இல் முதலில் பிரித்தெடுத்தபோது அதற்கு வைத்த பெயரே பால்சுரப்பிக் காரணி என்ற பொருள்படும் பெயர்தான். ஸ்டாட்5இன் ஒரு வகையான ஸ்டாட்5ஏ இல்லாத எலிகளை 1997இல் உருவாக்கிப் பார்த்தார்கள். எலி நன்றாகத்தான் இருந்தது, குட்டியும் போட்டது, குட்டிக்குப் பால் மட்டும் கொடுக்க முடியவில்லை.

புரோலாக்டின் ஒற்றை ஆளாக இதைச் செய்வதில்லை. கார்டிசால் வகை ஹார்மோனும் இன்சுலினும் துணைக்கு வேண்டும். சினைக்காலம் முழுக்க புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும், கன்று போடும் நேரத்தில்தான் காலை எடுக்கும். சினை மாடு மடி இறக்கினாலும் முழுச் சுரப்பு ஈன்ற பிறகே வருவது இதனால்தான். இன்னொரு சிறிய பிரேக்கும் உண்டு, சாக்ஸ் என்ற புரதக் குடும்பம். காலில் மாட்டுவது இல்லை. ஸ்டாட்5 பேச வைக்கும் மரபணுக்களில் இதுவும் ஒன்று, அதாவது ஸ்விட்சைப் போட்ட கையே அணைக்கவும் ஆளை அனுப்பிவிடுகிறது. இது புரிய எனக்கு இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

படி 6: அளவைத் தீர்மானிப்பது யார்

கேசீன் பாலைக் கெட்டியாக்கும். லிட்டர் கணக்கு வேறொரு புரதத்தின் கையில் இருக்கிறது. படி 1இல் துணுக்காக மிதந்த ஆல்ஃபா லாக்டால்புமின் ஞாபகம் இருக்கிறதா?

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு மூடி வைத்தால் கொஞ்ச நேரத்தில் நீர் விடும் இல்லையா, மடியிலும் நடப்பது அதுதான், உப்புக்குப் பதில் சர்க்கரை. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் செய்யும் நொதி பி4ஜிஏஎல்டி1 என்று ஒன்று செல்லுக்குள் இருக்கிறது. தனியாக விட்டால் அது வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும், ஆல்ஃபா லாக்டால்புமின் வந்து கைகோத்தால்தான் குளுக்கோஸையும் காலக்டோஸையும் சேர்த்து லாக்டோஸ் செய்யும். லாக்டோஸ் சேரச் சேர அது தண்ணீரை இழுக்கும். பாலில் கொழுப்பு நாளுக்கு நாள், தீவனத்துக்குத் தீவனம் ஏறி இறங்கும், லாக்டோஸ் மட்டும் 4.6, 4.8 சதவீதம் என்று அதிகம் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்: சர்க்கரை கூடினால் தண்ணீரும் சேர்ந்து கூடிவிடுகிறது. பாலில் தண்ணீர் கலப்பதில் முதல் ஆள் மாடுதான், பால்காரர் அப்புறம்.

ஆல்ஃபா லாக்டால்புமினுக்கான ஒரே ஒரு மரபணுவை எலியில் நீக்கிப் பார்த்தார்கள், 1994இல். லாக்டோஸ் இல்லை, பால் கட்டிப் பசை மாதிரி ஆகிவிட்டது, குட்டிகளால் அதை உறிஞ்சவே முடியவில்லை.

இதோடு டிஜிஏடி1 என்ற மரபணுவையும் குறித்துக்கொள்ளுங்கள், 14ஆவது குரோமோசோமில் இருப்பது, கொழுப்புச் சேர்க்கையின் கடைசி வேலையைச் செய்யும் நொதிக்கு உரியது. அதன் 232ஆவது இடத்தில் லைசின் இருந்தால் கொழுப்பு கூடும், அளவு குறையும். அலனின் இருந்தால் நேர்மாறு. நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலும் லைசின் வகை, எருமையிலும் அதுவேதான். பெரியப்பாவின் நாட்டு மாட்டுப் பால் சொசைட்டியில் ஃபேட் பார்க்கும்போது மட்டும் முதல் மார்க் வாங்குவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும்.

படி 7: தொழுவத்துக்குப் போங்கள்

இதுவரை சொன்னது பாலைச் செய்வது. செய்த பால் கைக்கு வருவது தனிக் கதை. கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கன்றை அவிழ்த்து விட்டதும் அல்லது மடியைக் கழுவிக் காம்பைத் தடவியதும் நேரம் குறியுங்கள். தொட்ட உணர்ச்சி நரம்பு வழியாக மூளைக்குப் போய், அங்கிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்கி, மடிக்கு வந்து, நீங்கள் வரைந்த கூடைத் தசைகளை இறுக்க வேண்டும். சுரப்பு விட ஒன்று, ஒன்றரை நிமிடம் ஆகும். காம்பு திடீரென விறைப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆக்சிடோசின் ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தங்கும், அதற்குள் கறந்து முடிப்பவர்தான் கைதேர்ந்த கறவைக்காரர். எருமையில் முன்கூட்டியே மடியின் கீழ்ப்பகுதியில் இறங்கி நிற்கும் பால் சுமார் 5 சதவீதம்தான், மிச்சமெல்லாம் மேலே நுண்ணறைகளில். அது சுரப்பு விடாவிட்டால் குவளையைக் கவிழ்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

சிலர் இதற்கு ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். அது பாலை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதைப் பிதுக்கித் தள்ளுகிறது, பழகிவிட்டால் ஊசி இல்லாமல் மாடு சுரப்பு விடாது. எனக்கு அதில் உடன்பாடே கிடையாது.

கடைசியாக ஒன்று, பெரியப்பா கேட்டதற்கு மீதிப் பதிலும் இதுதான். மடியின் ஒரு பக்கத்தை மட்டும் கூடுதல் தடவை கறந்து பார்த்த சோதனைகள் உண்டு. அந்தப் பக்கத்தில் மட்டும் பால் கூடியது. ரத்தத்தில் ஓடும் புரோலாக்டின் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், அப்படியானால் கணக்கு வைப்பது மடியின் அந்தப் பக்கமே. பால் தேங்கினால் செல் சுவர்கள் இழுபடும், மடிக்குள்ளேயே உண்டாகும் செரட்டோனின் சேர்ந்து சுரப்பைக் குறைக்கச் சொல்லும். காலியானால் அந்த உத்தரவு நீங்கிவிடும். ஏ2 ஊசிக்குச் செலவழிக்கும் முன், அவசரத்தில் பாதி கறந்துவிட்டு எழுந்து சொசைட்டிக்கு ஓடுவதை நிறுத்தினால் போதும் என்று அவரிடம் சொன்னேன். முறைத்தார்.

நேரம் பார்க்க நானே நின்ற முதல் நாள், மூன்று நிமிடம் ஆகியும் மாடு சுரப்பு விடவில்லை. புது ஆள், கையில் போன், போதாக்குறைக்கு பிளாஷ் வேறு. மிரண்ட மாட்டில் அட்ரினலின் ஏறும், ஆக்சிடோசின் வேலை செய்யாது. "பால அடக்கிருச்சுடா, நீ அங்கிட்டுப் போ" என்று பெரியப்பா விரட்டிவிட்டார். மறுநாள் காலை வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக் குறித்தேன். 70 வினாடி.