ஆறுமணிக்குருவியை வரைவது எப்படி?

ஐப்பசி பிறந்தால் இலங்கையின் வன்னியில் விடியற்புறமும் பொழுதுபடும் நேரமும் வளவுப் பற்றைக்குள் இருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று கேட்கும். அதுதான் ஆறுமணிக்குருவி. இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்து, மாரிக்கு எங்களிடம் வந்து, சித்திரையோடு திரும்பிவிடும். ஹிந்தியில் இதற்கு நவரங் என்று பெயர். வரையப் பழகுகிறவர்கள் அந்த ஒன்பது நிறங்களில் மயங்கி வர்ணப்பெட்டியை முதலில் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து திறக்காதீர்கள். ஒரு பென்சிலும் சற்றுத் தடித்த ஏ4 தாளும் எடுங்கள்.

படி 1: பற்றையோரம் அசையாமல் குந்தியிருங்கள். குருவி தத்தித் தத்தி வந்து சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். கொப்பியில் ஐந்தாறு கோடுகள் கிறுக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: இயற்கை வரலாற்று ஓவியத்தில் இயன்றவரை மெய்யளவில் வரைவது வழக்கம். இந்தக் குருவி சுமார் 19 சென்டிமீற்றர்; தாளுக்குள் அடங்கும். சரிந்த முட்டை ஒன்று உடல், அதன்மேல் வட்டம் தலை. பெரும்பாலானோர் பிழைவிடுவது வாலில்தான், நீட்டிவிடுவார்கள். 1766இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் காகங்களோடு சேர்த்து இதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பொருளே குட்டைவால் காகம். மடித்த சிறகைத் தாண்டி வால் சிறிதளவு தெரிந்தால் போதும். நிலத்தில் இரை தேடும் பறவை என்பதால் கால்கள் நெடியவை. அவற்றைக் கட்டையாக்கினால் வேறு குருவியாகிவிடும்.

படி 3: நிறங்களின் எல்லைகளை மெல்லிய கோடுகளால் பிரியுங்கள். ஒருமுறை எங்கள் திண்ணையில் களைத்து இறங்கிய ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் பார்த்தேன். தோளில் நீலத்திட்டு மினுங்கியது. வாலடியில் செவ்வரத்தைச் சிவப்பு. முதுகுப் பச்சையோ நான் நினைத்ததைவிட மங்கல். பச்சையில் ஒரு துளி சிவப்பு கலந்தால் அந்த மங்கல் வரும்.

படி 4: இப்போது பெட்டியைத் திறக்கலாம். நிறைய நீர் விட்ட மஞ்சட்காவியை வயிற்றுக்கும் உச்சந்தலையின் இருபுறத்துக்கும் பூசிக் காயவிடுங்கள். பிறகு பச்சை, நீலம், சிவப்பு. ஒவ்வொன்றும் காய்ந்தபின்தான் அடுத்தது. அவசரப்பட்டால் ஒன்றில் ஒன்று ஊறிவிடும். தொண்டைக்கும் புருவத்துக்கும் வெள்ளை பூச வேண்டாம், தாளையே விட்டுவிடுங்கள். கண்பட்டையின் கறுப்பும் உச்சிக்கோடும் கடைசியில். கண்மணியில் ஊசிமுனையளவு வெள்ளை விட மறக்காதீர்கள்.

படி 5: கீழ் மூலையில் பார்த்த இடத்தையும் நேரத்தையும் பென்சிலால் இப்படி எழுதுங்கள்: முத்தையன்கட்டு, முதிரை மரத்தடி, காலை 5.50, மழை விட்டிருந்தது.