ஃப்ரீமாண்ட்: பிள்ளையின் பள்ளிக் கட்டுரைக்கு உள்ளூர் பிரபலம் தேடுகிறீர்களா?

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டுக்குக் குடிவந்த சில மாதங்களில், "நம் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுது" என்று பிள்ளைக்கு வீட்டுப்பாடம் வந்தால் திணற வேண்டாம். ஆனால் தேடும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஃப்ரீமாண்ட் என்ற நகரமே 1956-ல்தான் பிறந்தது. சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஐந்து ஊர்களை ஒன்றாக்கினார்கள். அதற்கு முந்தைய செய்தி வேண்டுமானால் இந்தப் பழைய பெயர்களைப் போட்டுத் தேடுங்கள். வீடு பார்க்கும்போதும் இதே பெயர்கள்தான் காதில் விழும்.

அடுத்த தடுமாற்றம், இணையப் பட்டியல்களில் பிறந்தவர், வளர்ந்தவர், வேலைக்கு வந்து போனவர் எல்லாரும் ஒன்றாகக் கலந்து கிடப்பது. சார்லி சாப்ளின் இந்த ஊர்க்காரர் அல்ல. 1915-ல் நைல்ஸில் இருந்த எஸ்ஸனே ஸ்டுடியோவில் ஐந்து படங்கள் எடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். 'தி டிராம்ப்' அதில் ஒன்று.

கட்டுரைக்கு நம் தேர்வு ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கி ஆடும் விளையாட்டு) வீராங்கனை கிறிஸ்டி யமகுச்சி. பிறந்தது பக்கத்து ஊரான ஹேவர்டில், 1971-ல், வளர்ந்தது ஃப்ரீமாண்டில். "ஃப்ரீமாண்டில் பிறந்தார்" என்று எழுதினால் தவறு. வளைந்த பாதத்தோடு பிறந்து, குழந்தையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர். அந்தக் காலுக்கு நல்லது என்று பழகத் தொடங்கிய ஸ்கேட்டிங்தான் 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் தங்கம் வரை கொண்டுபோனது. படித்தது மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளி, 1989-ல் முடித்தார். வீட்டு விலை பேசும்போது தரகர்கள் அடிக்கடி சொல்லும் அதே பள்ளிதான்!

விளையாட்டுப் பிரியர்களுக்கு பேஸ்பால் வீரர் டென்னிஸ் எக்கர்ஸ்லி இருக்கிறார். ஓக்லண்டில் பிறந்து இங்கே வளர்ந்து, சென்டர்வில் பகுதியில் உள்ள வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 2004-ல் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers அணிக்கு மூன்று சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்தின் சாம்பியன் பட்டம்) வென்று தந்த பயிற்சியாளர் பில் வால்ஷ், 1950-களின் இறுதியில் இதே பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர். அமெரிக்கக் கால்பந்து, நம் ஃபுட்பால் அல்ல. மொழிபெயர்க்கும்போது பிள்ளைகள் இங்கேதான் சறுக்குவார்கள்.

புத்தகம் தேட ஸ்டீவன்சன் புலிவார்டில் உள்ள நூலகம் போதும். உறுப்பினர் அட்டை இலவசம். புகைப்பட அடையாளமும் முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள். முகவரி இன்னும் மாறாத ஓட்டுநர் உரிமம் மட்டும் இருந்தால், புது முகவரிக்கு வந்த மின்கட்டண ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.