கொடைக்கானல் குளிரில் எடை குறைப்பது: முதலில் வாய், பிறகு கால்

மலைவாசிகள் தினமும் ஏறி இறங்குகிறார்கள், அவர்களுக்கு எப்படித் தொப்பை போடும் என்று கீழே இருப்பவர்கள் கேட்பதுண்டு. மூஞ்சிக்கல் கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஏற்றம் அப்படியேதான் இருக்கிறது. அதில் இப்போது ஸ்கூட்டர் ஏறுகிறது, ஜீப் ஏறுகிறது. குளிருக்கு இதமாக டீயும் பஜ்ஜியும் மட்டும் பழைய கணக்குப்படியே உள்ளே போகின்றன.

எடை குறைவதில் உணவுக்கு எவ்வளவு பங்கு, உடற்பயிற்சிக்கு எவ்வளவு பங்கு என்பதை, இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். பெரும்பாலோர் நடையில் தொடங்கி, மூன்றாம் வாரம் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

காலையில் கழிவறை போய்வந்த பின், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி டேப்பால் அளந்து கொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதுதான் நம் நாட்டவருக்கான எச்சரிக்கைக் கோடு. ஸ்வெட்டரோடு தராசில் ஏறி நிற்பவர்களும் உண்டு. குளிராக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

பிறகு ஏழு நாட்களுக்கு வாய்க்குள் போவதையெல்லாம் குறித்து வையுங்கள். குழந்தை மிச்சம் வைத்த தோசைத் துண்டும், கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுத்த சாக்லேட்டும் கணக்கில் சேரும்.

படி 2: உங்கள் உடலின் செலவைக் கணக்கிடுங்கள்

மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் என்று ஒன்று உண்டு. எடையை (கிலோவில்) 10 ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்டிமீட்டரில்) 6.25 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5 ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்கள் மேலும் 161 கழிக்க வேண்டும். ஆண்கள் 5 கூட்ட வேண்டும். சும்மா படுத்திருந்தாலே உடல் செலவழிக்கும் கலோரி இது.

38 வயது, 158 சென்டிமீட்டர், 70 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு இது ஏறக்குறைய 1,340 வரும். வீட்டு வேலையும் கொஞ்சம் நடையும் உள்ளவர் என்றால் 1.375 ஆல் பெருக்கினால் 1,840. இந்த அளவு சாப்பிட்டால் எடை அப்படியே நிற்கும். நாளுக்கு 400 முதல் 500 கலோரி வரை குறைத்தால் போதும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். மாதம் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்பவர்களிடம் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் இதில் இறங்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம்.

படி 3: டீயிலும் எண்ணெயிலும் கைவையுங்கள்

சோற்றைக் குறைப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். வயிறு காயாமல் கலோரி குறையும் இடம் இதுதான்.

நூறு மில்லி கொழுப்பு நீக்காத பால், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் ஒரு டீ ஏறத்தாழ 100 கலோரி. மழையும் மூடுபனியும் சேர்ந்த நாளில் ஐந்து டீ என்பது இங்கே சாதாரணம், அதுவே 500. டீயை விடச் சொல்லவில்லை, கொடைக்கானலில் அது நடக்கிற காரியமும் இல்லை. மூன்றைக் கறுப்பு டீயாக, சர்க்கரை இல்லாமல் இஞ்சி தட்டிப்போட்டுக் குடியுங்கள். மற்ற இரண்டில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை போதும். சுமார் 340 கலோரி அங்கேயே மிச்சம்.

எண்ணெயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ, இதில் வித்தியாசம் கிடையாது. பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. மூன்று லிட்டரில் சமைத்தால் ஆளுக்கு எழுபது கலோரி குறையும். சமையல் செய்பவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியக்கூடத் தெரியாது.

படி 4: தட்டை மாற்றி அடுக்குங்கள்

காய்கறிக்குக் குறைவில்லாத மலை இது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், நூக்கல், சௌசௌ ஆகியவற்றில் நூறு கிராமுக்கு 20 முதல் 40 கலோரிதான். பாதித் தட்டை இவை நிரப்பட்டும். கால் பங்கு பருப்பு, பட்டாணி, பட்டர் பீன்ஸ், முட்டை, மீன் என்று புரதம். மிச்சக் கால் பங்குதான் சோறு அல்லது சப்பாத்தி. உருளைக்கிழங்கு காய்கறிக் கடையில் விற்றாலும் தட்டில் சோற்றின் பக்கம்தான் சேரும்.

புரதத்தைக் குறைக்காதீர்கள். பசியை நெடுநேரம் தள்ளிப்போடுவது அதுதான். எடை இறங்கும்போது தசை கரையாமல் காப்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பட்டர் ஃப்ரூட் நல்ல பழம், ஆனால் நூறு கிராமில் 160 கலோரி. அதைச் சர்க்கரையும் பாலும் சேர்த்து மில்க் ஷேக் ஆக்கினால் அது ஒரு வேளைச் சாப்பாடு.

புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டு கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். ரசத்துக்கு அதைப்போல வேறில்லை. கொழுப்புக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

படி 5: இப்போது நடங்கள்

ஏரியைச் சுற்றி வரும் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். 70 கிலோ உள்ளவர் ஒரு சுற்று வந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாக ஏறக்குறைய 175 கலோரி செலவாகும். ஏரிக்கரையில் விற்கும் வீட்டு சாக்லேட்டில் முப்பத்தைந்து கிராம் தின்றால் கணக்கு நேராகிவிடும். ஒரு மணி நேர நடை, ஒரு நிமிட வாய்.

ஏற்றம் வேறு கதை. அதே ஆள் நூறு மீட்டர் உயரம் ஏறினால், தூரத்துக்கான செலவு போக மேலும் 65 கலோரி ஆகும். ஆகவே ஏரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது வண்டி ஏறாமல் நடப்பது லாபம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அந்த வேகம் சரி. நெஞ்சு இறுகினால் உடனே நின்று, மருத்துவரைப் பாருங்கள். முழங்காலைக் கெடுப்பது பெரும்பாலும் இறக்கம்தான். அடியைச் சிறிதாக வைத்து, முழங்காலை லேசாக மடக்கி இறங்குங்கள்.

இவ்வளவு குறைந்த செலவுக்கு ஏன் நடக்க வேண்டும்? 1956-இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயரும் உடன் ஆய்வாளர்களும் வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றின் ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடின வேலை செய்தவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள், எடை கூடவில்லை. உட்கார்ந்தே இருந்தவர்களோ லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டு, எடையும் கூடியிருந்தார்கள். கொஞ்சமாவது அசைகிற உடலுக்குத்தான் பசியின் அளவு பிடிபடுகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். இறங்கிய எடை மறுபடி ஏறாமல் காப்பதிலும் நடைக்குத்தான் பெரும் பங்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன குறைந்தபட்சம் வாரத்துக்கு 150 நிமிடம். முதல் வாரம் நாளுக்குப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கினால் போதும்.

வியர்க்கட்டும் என்று பிளாஸ்டிக் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நடப்பதில் போவது தண்ணீர்தான்.

படி 6: வாரம் இரண்டு நாள் தசைக்கு

தோப்புக்கரணம் பத்து, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து. மூன்று சுற்று. ஜிம் தேவையில்லை.

படி 7: தராசை நிதானமாகப் படியுங்கள்

முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் குதிக்க வேண்டாம். மாவுச்சத்தைக் குறைத்ததும் தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து தீர்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் பிடித்து வைத்திருந்த சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. ஊறுகாயும் அப்பளமும் தின்ற மறுநாள் ஒரு கிலோ கூடினால் அதுவும் தண்ணீர்தான். மாதவிடாய் நாட்களிலும் அப்படியே. தினமும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

நான்கு வாரம் சராசரி நகரவே இல்லை என்றால், முதலில் படி 1-க்குத் திரும்பி மூன்று நாள் எழுதிப் பாருங்கள். எண்ணெயும் டீயும் சத்தமில்லாமல் பழைய அளவுக்குப் போயிருக்கும். அது சரியாக இருந்தால் சூத்திரத்தில் புதிய எடையைப் போடுங்கள். 70 கிலோ 64 ஆனவருக்குச் செலவும் நாளுக்கு எண்பது கலோரிபோலக் குறைந்திருக்கும். அந்த எண்பதை ஒரு பால் டீயைக் கறுப்பு டீயாக்கிச் சரிசெய்யலாம், அல்லது ஏரிச் சுற்றில் பாதியைக் கூடுதலாக நடந்து சரிசெய்யலாம்.