இடைவெளிக்குப் பின் பொறியியல் வகுப்பு: கணக்கை மீட்ட வழி

பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், முதல் வாரங்களில் இடறுவது பெரும்பாலும் கால்குலஸ் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் பள்ளி இயற்கணிதம். பேராசிரியர் "இதைச் சுருக்கினால்" என்று இரண்டு வரியைத் தாண்டிப் போவார். நமக்கு மறந்திருப்பது அந்த இரண்டு வரிதான்.

எனக்குக் கைகொடுத்த முறை இது. முதல் பயிற்சித் தாளைக் குறிப்பு எதுவும் பார்க்காமல் போட்டுவிட்டு, பிழை தொடங்கிய வரியை மட்டும் சிவப்பில் குறிக்க வேண்டும். அடிக்கடி சிக்குபவை: 9 + 16இன் வர்க்கமூலத்தை 3 + 4 = 7 என்பது (சரியான விடை 5); 12 ÷ (3 + 1) என்பதைப் பிரித்து 4 + 12 = 16 என்பது (சரியான விடை 3). எண்ணாக இருந்தால் உடனே கண்ணில் படும். மாறிகள் வந்ததும் கை தானாகவே தவறிவிடும். சந்தேகம் வந்தால் மாறிக்குப் பதில் சிறு எண்ணைப் போட்டு இரண்டு பக்கமும் சரிபாருங்கள்.

பிறகு மடக்கை (log) விதிகள், முக்கோணவியல், சங்கிலி விதி (சார்புக்குள் சார்பு இருந்தால் வகையிடும் முறை), பகுதித் தொகையிடல் (இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிடும் முறை), இந்த வரிசையில். தினம் 30 நிமிடம் போதும், ஆனால் தவறிய கணக்கை மூன்று நாள் கழித்து மறுபடி போட்டே ஆக வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை வெளியிடும் ஓபன்கோர்ஸ்வேர் இணையதளத்தில் பல பாடங்களுக்கு விடையோடு பயிற்சித் தாள்கள் இலவசமாகவே உண்டு. வீடியோ மட்டும் பார்த்தால் புரிந்தது போலிருக்கும், தேர்வில் கை ஓடாது.

மாணவர்களின் கேள்விகளுக்கென்று பேராசிரியர் ஒதுக்கும் சந்தேக நேரத்துக்கு முதல் வாரமே போங்கள். "புரியவில்லை" என்று சொல்லாமல், நின்றுபோன வரியைக் காட்டிக் கேளுங்கள்.